நின்ற வண்டியும் வீடாகாது

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் நம் குடும்பங்களில் இரண்டு பேச்சுகள் தவறாமல் எழும். ஒன்று, டிக்கெட் கிடைத்ததா என்பது. மற்றொன்று, வழியில் சாப்பாட்டிற்கு என்ன செய்வது என்பது. டில்லியிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ சென்னை செல்வதென்றால் ஒரு பகலும் ஓர் இரவும் குறையாமல் வண்டியிலேயே கழித்தாக வேண்டும். குழந்தைக்குப் பால் காய்ச்ச வேண்டும். முதியவர்களுக்குக் கஞ்சி வேண்டும். வெளிச் சாப்பாடு பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே, "சிறிய கேஸ் அடுப்பு ஒன்றைக் கூடவே எடுத்துச் சென்றால் என்ன?" என்று அன்பர்கள் சிலர் கேட்கின்றனர். யாத்திரைக்கெனத் தனிப் பெட்டி பதிவு செய்யும் குழுவினரோ, "பெட்டி முழுவதும் நம்முடையதுதானே? அதுவும் யார்டில் நிற்கும்போது சமைத்தால் யாருக்கு என்ன தொல்லை?" என்கின்றனர்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 67ஆம் பிரிவு அபாயகரமான பொருள்களைப் பயணிகள் உடன் கொண்டுவருவதைத் தடுக்கிறது. 164ஆம் பிரிவு, மீறுவோருக்கு மூன்றாண்டு வரை சிறையோ, 1000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. நஷ்டம் நேர்ந்தால் அதற்கும் அவரே பொறுப்பாளி. தனிப் பெட்டிக்கு விலக்கு ஏதும் இல்லை. ஆயினும், தண்டனைக்கு அஞ்சி மட்டும் ஒரு விதியைக் கைக்கொள்பவன், பார்ப்பவர் இல்லாத இடத்தில் அதைக் கைவிட்டுவிடுவான். ஆதலால் விதியின் காரணத்தை அறிவது அவசியம்.

சிலிண்டருக்குள் இருப்பது அழுத்தத்தால் திரவமாக்கப்பட்ட வாயு. அதில் ஒரு லிட்டர் வெளியே கசிந்தால் ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாக விரிந்துவிடும். அது காற்றைவிடக் கனமானது. எனவே புகையைப் போல மேலே எழும்பிப் போகாமல், தண்ணீரைப் போலத் தரையோடு படரும். நூறு பங்கு காற்றில் சுமார் இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றப் போதும். வீட்டுச் சமையலறையில் கதவைத் திறந்தால் அது வெளியேற வழி உண்டு. ரயில் பெட்டியிலோ, கீழ்ப் படுக்கையின் அடியில், பெட்டி படுக்கைகளுக்கிடையே தேங்கி நிற்கும். கசிவை அறிவிக்கவே வாயுவில் துர்நாற்றம் சேர்க்கப்படுகிறது. ஆனால் விடியற்காலையில் அயர்ந்து உறங்குபவர்களை அந்த நாற்றம் எழுப்புமா?

மேலும், வீட்டு அடுப்பு ஓரிடத்தில் அசையாமல் இருப்பது. அதன் ரெகுலேட்டரும் குழாயும் அந்த நிலைக்கென்றே பொருத்தப்பட்டவை. ஓடும் வண்டியின் ஓயாத அதிர்வில் பொருத்துகள் தளரும். வண்டி நிற்கும்போது ஆபத்தில்லை என்பதும் பொருந்தாது. எஞ்சின் வந்து மோதி இணையும் ஒரு குலுக்கலில், தலையில் அடுப்பைத் தாங்கிய சிறு சிலிண்டர் உருண்டுவிடும்.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் தேதி விடியற்காலையில், மதுரை ரயில் நிலையத்தில் தனியே கழற்றி நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பற்றி எரிந்தது. லக்னோவிலிருந்து தென்னாட்டு யாத்திரைக்கு வந்தவர்கள் அதில் இருந்தனர். ஒன்பது பேர் மாண்டனர். விதிக்கு மாறாகக் கொண்டுவரப்பட்ட எரிவாயுச் சிலிண்டரே காரணம் என ரயில்வே அறிவித்தது. அந்தப் பெட்டி ஓடவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது. கடவுளைத் தரிசிக்கப் புறப்பட்டு, ஊரார் உபசரிக்கக் காத்திருக்கும் நகரில் அவர்களுக்கு அந்த முடிவு நேர்ந்தது. நாளை காசிக்குச் செல்லும் நம்மவர்க்கு அது நேராதிருக்க வேண்டும்.

அப்படியானால் என்ன செய்வது? நம் பாட்டிமார் கண்ட வழிகள் இன்றும் பழுதாகவில்லை. முதல் நாளுக்கு எண்ணெயும் மிளகாய்ப் பொடியும் தடவிய இட்லி, மறுநாளுக்குப் புளியோதரை. சோற்றில் பாலை நிறைய விட்டுச் சிறிதே தயிர் கலந்து வைத்தால் உண்ணும் வேளைக்குப் புளிக்காத தயிர்சாதமாகும். கஞ்சிக்கும் குழந்தையின் பாலுக்கும் நல்ல பிளாஸ்க் இரண்டு போதும். சூடான உணவு வேண்டுமெனில், 1323 என்ற எண்ணில் முன்கூட்டிச் சொன்னால் வழியிலுள்ள பெரிய நிலையங்களில் இருக்கைக்கே கொண்டுவந்து தருவர். யாத்திரைக் குழுவினர் இறங்கும் ஊர்களில், தர்மசாலைச் சமையற்கூடத்தை முன்னதாக ஏற்பாடு செய்துகொள்வது உத்தமம். பெட்டியிலுள்ள மின் இணைப்பு அலைபேசிக்காக ஏற்பட்டது. கெட்டிலை அதில் சொருகுவது ஓர் ஆபத்துக்குப் பதில் மற்றொன்றை வரவழைப்பதாகும்.

மாற்றலாகி வேறு மாநிலம் செல்வோருக்கு ஒரு வார்த்தை. அடுப்பை மட்டும் கட்டி எடுத்துச் செல்லுங்கள். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜன்சியில் ஒப்படைத்து, முன்பணத்தையும் மாற்றுச் சீட்டையும் பெற்றுக்கொள்ளுங்கள். புதிய ஊரில் அந்தச் சீட்டைக் காட்டி இணைப்புப் பெறலாம். "காலிச் சிலிண்டர்தானே" என்று மூட்டைக்குள் ஒளித்து வைக்காதீர்கள். காலியென்று நாம் சொல்வதிலும் வாயு எஞ்சியிருக்கும்.

வண்டியில் எரிவாயு நாற்றம் வந்தால் தீக்குச்சி கிழிக்காமலும், மின் விசையைத் தொடாமலும், உள்ளவர்களை எழுப்பி அப்பால் அகலச் செய்து, பரிசோதகரிடமோ 139 என்ற எண்ணிலோ உடனே தெரிவியுங்கள். சிலிண்டர் கொண்டுவந்திருப்பவர் நம் மொழிக்காரர், நம் தெருக்காரர் என்று தாட்சண்யம் பார்க்க வேண்டாம். அவருடைய குழந்தைகளும் அதே பெட்டியில்தான் உறங்குகின்றன.