பட்டியலின் கடைசியில் இருக்கும் பெயர்கள்



பிப்ரவரி பிறந்துவிட்டால் நம் கூடைப்பந்து ரசிகர்களுக்கு இரவுத் தூக்கமும் போய்விடுகிறது. என்பிஏ ஆட்டங்களுக்காக விடியற்காலையில் எழுவது ஏற்கெனவே பழகிய விஷயம். பருவத்தின் நடுவில் அணிகள் வீரர்களைக் கைமாற்றிக்கொள்ளும் டிரேட் கெடுவோ அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி பிற்பகல் 3 மணிக்கு முடிகிறது. நமக்கு அப்போது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. அந்த நேரத்திலும் விழித்திருந்து, யார் எங்கே போனார்கள் என்று பார்த்துவிட்டு, விடிந்ததும் நமக்கு எழுதும் வாசகர்கள் இருக்கிறார்கள். எல்லோருடைய கடிதத்திலும் இருப்பது ஒரே கேள்விதான்: இந்த டிரேடில் ஜெயித்தது யார்?

அதற்கு உடனே பதில் சொல்ல முடியாது என்பதற்கு 2011 பிப்ரவரி நல்ல சாட்சி. கார்மெலோ ஆன்டனி டென்வரை விட்டு நியூயார்க் போன மாதம் அது.

கார்மெலோ 2003இல் டென்வர் நகெட்ஸ் அணிக்கு வந்தார். அதற்கு முந்தைய பருவத்தில் 82 ஆட்டங்களில் 17ஐ மட்டுமே வென்றிருந்த அணி அது. அவர் வந்த முதல் ஆண்டிலேயே பிளேஆஃபுக்குப் போனது. அதன்பின் ஓர் ஆண்டும் தவறவில்லை. 2009இல் மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்று வரை போய் லேக்கர்ஸிடம் தோற்றது. மறு ஆண்டு கோடையில், மூன்று ஆண்டுகளுக்கு 6.5 கோடி டாலர் தருகிறோம், ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொள் என்று டென்வர் கேட்டது. கார்மெலோ கையெழுத்துப் போடவில்லை. அப்போது அவருக்கு வயது 26.

டென்வர் பயந்ததில் நியாயம் இருந்தது. அதே 2010 ஜூலையில்தான் லெப்ரான் ஜேம்ஸ் கிளீவ்லாந்தை விட்டு மயாமிக்குப் போனார். அவர் இருந்தபோது 61 ஆட்டங்களை வென்ற கிளீவ்லாந்து, அவர் இல்லாத அடுத்த பருவத்தில் 19தான் வென்றது. இடையில் தொடர்ச்சியாக 26 தோல்விகள். கார்மெலோவும் பருவம் முடிந்து இப்படிப் போய்விட்டால் டென்வருக்கு ஒன்றும் மிஞ்சாது.

கார்மெலோவின் கணக்கிலும் நியாயம் இருந்தது. அவர் புரூக்ளினில் பிறந்தவர். நியூயார்க்கில் ஆட ஆசைப்பட்டார். கோடை வரை பொறுத்திருந்தால் ஒப்பந்தம் முடிந்து சுதந்திர வீரராக அங்கே போய்ச் சேர்ந்திருக்கலாம், நியூயார்க் நிக்ஸ் அணியும் தன் வீரர்களை இழந்திருக்காது. ஆனால் அணி உரிமையாளர்களுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இருந்த தொழில் ஒப்பந்தம் 2011 ஜூன் 30இல் முடியவிருந்தது. புதிய ஒப்பந்தத்தில் வீரர்களின் பங்கு குறையும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அப்படியே நடந்தது. உரிமையாளர்கள் கதவடைப்பு செய்தார்கள், அடுத்த பருவம் 66 ஆட்டங்களாகச் சுருங்கியது. ஆசைப்பட்ட ஊரும் வேண்டும், பழைய விதிப்படியான பணமும் வேண்டும் என்றால் பருவத்தின் நடுவில் டிரேட் ஆவதுதான் ஒரே வழி.

இந்த இழுபறி மாதக்கணக்கில் நீண்டது. கார்மெலோ எந்த ஊருக்கு ஆடப் போனாலும், எந்த அணிக்கு மாறப் போகிறீர்கள் என்ற அதே கேள்வி. அவராவது நட்சத்திரம், முடிவில் அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. எனக்கு அப்போதும் இப்போதும் மனதில் நிற்பவர் டெரிக் ஃபேவர்ஸ். புதுமுக வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2010இல் நியூஜெர்சி நெட்ஸ் அணி மூன்றாவதாகத் தேர்ந்தெடுத்த 19 வயதுப் பையன். கார்மெலோவுக்கு ஈடாக யாரைத் தருவது என்ற பேச்சு வரும்போதெல்லாம் முதலில் அடிபட்டது அவர் பெயர்தான். தொழில்முறை ஆட்டத்தில் முதல் அடி எடுத்து வைக்கும்போதே, இந்த அணிக்கு நான் வேண்டுமா வேண்டாமா என்று தெரியாமல் ஆட வேண்டியிருந்தது. ஜனவரி 19 அன்று நெட்ஸ் உரிமையாளர் மிகயீல் புரோகரோவ், பேச்சுவார்த்தை முடிந்தது என்று பகிரங்கமாக அறிவித்தார். அப்பாடா என்று அந்தப் பையன் மூச்சு விட்டிருந்தால், அது ஒரு மாதம்தான் நிலைத்திருக்கும்.

பிப்ரவரி 22 அன்று டென்வர், நியூயார்க், மின்னசோட்டா மூன்றும் சேர்ந்து டிரேடை முடித்தன. ஒரு டஜனுக்கும் மேற்பட்ட வீரர்கள் இடம் மாறினார்கள். இவ்வளவு பேர் எதற்கு என்று புதிய ரசிகர்களுக்குத் தோன்றலாம். என்பிஏ விதிப்படி, சம்பள வரம்பைத் தாண்டிய அணி ஒரு வீரரைப் பெற வேண்டுமானால் ஏறக்குறைய அதே அளவு சம்பளம் அங்கிருந்து வெளியே போக வேண்டும். கணக்கு நேராகும் வரை பெயர்களைச் சேர்த்துக்கொண்டே போவார்கள். நிக்ஸ் தன் அணியில் நன்றாக ஆடிக்கொண்டிருந்த டனிலோ கலினாரி, வில்சன் சாண்ட்லர், ரேமண்ட் ஃபெல்டன், தீமஃபெய் மஸ்கோவ் நால்வரையும், டிராஃப்ட் உரிமைகளையும் கொடுத்தது. கார்மெலோவோடு டென்வரிலிருந்து போனவர்களில் சான்சி பிலப்ஸும் ஒருவர். அவர் டென்வரிலேயே பிறந்து வளர்ந்தவர், கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆடியவர். ஊரை விட்டுப் போக ஆசைப்பட்டவரின் விருப்பம் நிறைவேற, ஊரிலேயே இருக்க ஆசைப்பட்டவரும் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று.

அதோடு நிற்கவில்லை. கார்மெலோவைத் தவறவிட்ட நெட்ஸ், மறுநாளே யூட்டா ஜாஸின் டெரான் வில்லியம்ஸைப் பெற்றது. ஈடாகப் போனவர்களில் டெரிக் ஃபேவர்ஸும் இருந்தார்.  கெடு முடிந்த பிப்ரவரி 24 அன்று, கிழக்கில் முதலிடத்தில் இருந்த பாஸ்டன் செல்டிக்ஸ் தன் சென்டர் வீரர் கெண்ட்ரிக் பெர்கின்ஸை ஓக்லஹோமா சிட்டிக்கு அனுப்பியது. பள்ளி முடித்த கையோடு என்பிஏவுக்கு வந்து, பாஸ்டனைத் தவிர வேறு அணியை அறியாதவர் அவர். முதலிடத்தில் இருந்த பாஸ்டன் பருவ முடிவில் மூன்றாம் இடத்துக்கு இறங்கி, இரண்டாம் சுற்றில் மயாமியிடம் தோற்று வெளியேறியது. அதே நாளில் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ், பேரன் டேவிஸின் பெரிய சம்பளச் சுமையைக் கைகழுவ, தன் முதல் சுற்று டிராஃப்ட் உரிமையையும் சேர்த்துக் கிளீவ்லாந்துக்குக் கொடுத்தது. டிராஃப்ட் வரிசையைத் தீர்மானிக்கும் குலுக்கலில் அந்த உரிமை முதலிடமாக வந்தது. கிளீவ்லாந்து அதில் கைரி எர்விங்கைத் தேர்ந்தெடுத்தது. 2016 இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் அந்த ஊருக்குக் கோப்பை தேடித் தந்த மூன்று புள்ளி வீச்சு அவருடையது.

சரி, கார்மெலோ டிரேடில் ஜெயித்தது யார்? அன்று நியூயார்க் கொண்டாடியது. முதல் ஆட்டத்திலேயே அவர் 27 புள்ளிகள் எடுத்தார். ஆனால் டிரேடுக்கு முன் 28 வெற்றி, 26 தோல்வி என்றிருந்த நிக்ஸ், அதன்பின் 14 வென்று 14 தோற்றது. பிளேஆஃப் முதல் சுற்றில் பாஸ்டனிடம் நான்கு ஆட்டங்களையும் இழந்தது. நட்சத்திரத்தை இழந்த டென்வரோ கடைசி 25 ஆட்டங்களில் 18ஐ வென்றது. கார்மெலோ சோடை போகவில்லை. 2012-13இல் லீக்கிலேயே சராசரியாக அதிகப் புள்ளிகள் எடுத்தவர் அவர்தான். நிக்ஸும் அந்தப் பருவத்தில் 54 ஆட்டங்களை வென்றது. 2014 ஜனவரியில் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் ஒரே ஆட்டத்தில் 62 புள்ளிகள் எடுத்தார். 2025இல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார். ஆனால் ஓர் இறுதிச் சுற்றில்கூட ஆடாமலே அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்தது.

டென்வர் பெற்ற டிராஃப்ட் உரிமைகளில், 2016இல் நிக்ஸோடு இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையும் ஒன்று. அன்று அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. அந்த ஆண்டு அதன் வழியே ஏழாவது இடம் டென்வருக்குக் கிடைக்க, ஜமால் மர்ரே வந்தார். நிகோலா யோகிச்சும் மர்ரேயும் சேர்ந்து 2023இல் டென்வருக்கு அதன் முதல் என்பிஏ கோப்பையை வென்று தந்தார்கள். டிரேட் நடந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து!

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பெயர் பட்டியலின் கடைசியில் இருக்கிறது. கோரி புரூவர். கணக்கு நேராக வேண்டும் என்று மின்னசோட்டாவிலிருந்து நியூயார்க்குக்கு அனுப்பப்பட்டவர். நிக்ஸ் அவரை ஓர் ஆட்டத்திலும் இறக்காமல் விடுவித்துவிட்டது. டல்லஸ் மாவரிக்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்டது. அந்த ஜூனில் டல்லஸ் கோப்பையை வென்றபோது அந்த அணியில் கோரி புரூவரும் இருந்தார்.

அதே டல்லஸ்தான் 2025 பிப்ரவரியில் ரசிகர்களைத் திகைக்க வைத்தது. லூக்கா டான்சிச்சுக்கு வயது 25. எட்டு மாதங்களுக்கு முன்புதான் அணியை இறுதிச் சுற்று வரை கொண்டுபோயிருந்தார். கார்மெலோவைப் போல அவர் போகவேண்டும் என்று கேட்கவில்லை. டல்லஸ் பொது மேலாளர் நிகோ ஹாரிசனும் லேக்கர்ஸ் தரப்பும் ரகசியமாகப் பேசி முடித்து, நள்ளிரவில் அந்தோணி டேவிஸுக்கு ஈடாக அவரை அனுப்பிவிட்டார்கள். ஒரே அணிக்காக 21 பருவங்கள் ஆடிய டர்க் நவிட்ஸ்கியின் சிலை நிற்கும் அரங்கத்தின் வாசலில் ரசிகர்கள் திரண்டு துக்கம் காத்தார்கள். ஏப்ரல் 9 அன்று எதிரணி வீரராக அதே அரங்கத்துக்கு வந்த லூக்கா, தனக்காகத் திரையிட்ட காட்சிகளைப் பார்த்துக் கண்ணீர் விட்டார். பிறகு 45 புள்ளிகள் எடுத்தார். குலுக்கலில் 1.8 சதவீத வாய்ப்பை வைத்துக்கொண்டு டல்லஸ் முதலிடம் பிடித்து கூப்பர் ஃபிளாக்கைத் தேர்ந்தெடுத்த பிறகும் அந்தக் கோபம் அடங்கவில்லை. நவம்பரில் நிகோ ஹாரிசன் நீக்கப்பட்டார்.

டிரேடே கூடாது என்று நான் சொல்லவில்லை. அணி பலப்பட அது வேண்டும். ஒரு காலத்தில் அணி மட்டுமே முடிவெடுக்கும் என்ற நிலை இருந்தது. என்பிஏ வீரர் ஆஸ்கர் ராபர்ட்சன் 1970இல் லீக்கின் மீது வழக்குத் தொடுத்து, 1976இல் அது சமரசத்தில் முடிந்த பிறகுதான் வீரர்களுக்குச் சுதந்திரம் திறந்தது. இன்றும் தன் சம்மதமின்றி மாற்றக் கூடாது என்ற உரிமை மிகச் சிலருக்கே உண்டு. மற்றவர்களின் நிலை என்ன? 2019இல் ஹாரிசன் பார்ன்ஸ் டல்லஸுக்காக ஆடிக்கொண்டிருந்தபோதே, ஆட்டம் முடியும் முன் அவரை சாக்ரமெண்டோவுக்கு மாற்றியாயிற்று என்ற செய்தி வந்தது. அவர் பெஞ்சை விட்டுப் போகவில்லை, கடைசி வரை தோழர்களோடு உட்கார்ந்திருந்தார். 2025இல் லேக்கர்ஸ் தன் புதுமுக வீரர் டால்டன் நெக்டை சார்லட்டுக்கு அனுப்பியது. பதிலுக்கு வரவேண்டியவர் மருத்துவச் சோதனையில் தேறவில்லை என்று டிரேடை ரத்து செய்தது. வேண்டாம் என்று அனுப்பிய அணிக்கே திரும்பி வந்து அந்த இளைஞர் ஆடினார்.

ஒரு டிரேடில் ஜெயித்தது யார் என்று சொல்லப் பல ஆண்டுகள் ஆகலாம். ஆனால் ஓர் அணி தன் மனிதர்களை எப்படி நடத்தியது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். வீரரை முதலில் கூப்பிட்டு நேரில் சொல்வதற்குப் பணம் செலவாகாது. கோப்பைக்கு ஆசைப்படும் எந்த நிர்வாகமும் இந்த மரியாதையைத் தவற விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பிப்ரவரியில் நள்ளிரவு தாண்டி விழித்திருந்து செய்தி பார்க்கும்போது, நட்சத்திரத்தின் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். பட்டியலைக் கடைசி வரை படியுங்கள். அங்கே இருக்கும் ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து, அந்த வீரர் புதிய ஊரில் என்ன ஆனார் என்று பருவம் முழுக்கப் பின்தொடருங்கள். பிறகு எங்களுக்கு எழுதுங்கள். அந்தக் கடிதங்களுக்கு இந்தப் பக்கத்தில் இடம் உண்டு.

அன்புடன்,
ஆசிரியர்