சத்தமில்லாத வகுப்பும் புகார் வராத வெப்சைட்டும்



இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். என்னிடம் கணக்குப் படித்தவர்களில் பலர் இப்போது சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறீர்கள். இது முக்கியமாக உங்களுக்கு. கடைசியில் சொல்வது வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு.

முப்பது வருடம் வகுப்பெடுத்தவனுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் வகுப்பே தலையாட்டும். யாரும் கை தூக்கவில்லை என்பதால் எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்று நம்புகிற வாத்தியார், பரீட்சைத் தாளைத் திருத்தும்போதுதான் உண்மையைத் தெரிந்துகொள்வார். இணையத்தில் விண்ணப்பங்களை நடத்துகிறவர்கள் பலர் இன்னும் அந்த வாத்தியார் நிலையில்தான் இருக்கிறார்கள் என்பது என் கருத்து.

ஓய்வுக்குப் பிறகு எங்கள் தெருவில் ஆன்லைன் விண்ணப்பம் நிரப்புவது என் வேலையாகிவிட்டது. சமீபத்தில் ஒரு பெண்பிள்ளையின் கல்வி உதவித்தொகை விண்ணப்பம். மறுநாள் கடைசி நாள். அவள் அம்மாவின் பழைய போனில் எல்லாவற்றையும் நிரப்பி, 'சமர்ப்பி' பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. தப்பு என்றும் வரவில்லை, சரி என்றும் வரவில்லை. என் லேப்டாப்பில் அதே விண்ணப்பம் முதல் தடவையே போய்விட்டது. உதவி எண்ணில் கேட்டால், "எங்க பக்கம் எந்த எரரும் பதிவாகலை சார், உங்க நெட்டைப் பாருங்க" என்றார்கள். அந்த அம்மாவோ, "எனக்குத்தான் அமுக்கத் தெரியலை போலிருக்கு சார்" என்றார். அதுதான் எனக்கு உறுத்தியது.

சாஃப்ட்வேரில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவனிடம் கேட்டேன். உதவி எண்ணில் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை என்றான். சர்வர் என்பது பள்ளி ஆபீஸ் மாதிரி. வந்து சேர்ந்த தாள்தான் ரிஜிஸ்டரில் ஏறும். ஆனால் இன்றைய வெப் அப்ளிகேஷன்களில் பாதி வேலை நம் போனில் உள்ள பிரவுசருக்குள், ஜாவாஸ்கிரிப்ட் நிரலாக ஓடுகிறது. தகவல் கிளம்பும் முன்னே அந்த நிரல் முறிந்துவிட்டால் ஆபீஸுக்கு எதுவுமே தெரியாது. பிழைச் செய்தி பிரவுசரின் கன்சோலில் சிவப்பு எழுத்தில் கிடக்கும். கம்ப்யூட்டரில் எஃப் 12 அழுத்தினால் பார்க்கலாம். போன் வைத்திருக்கும் ஒரு தாய் அதை எங்கே போய்ப் பார்ப்பார்?

அவன் சொன்ன ஒரு உதாரணம்: ஜாவாஸ்கிரிப்டில் கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்த ஒரு குறியீடு உண்டு. குரோம் பிரவுசருக்கு 2020இல் வந்த 80ஆம் பதிப்பிலிருந்துதான் அதைப் படிக்கத் தெரியும். அதற்கு முந்தைய பிரவுசர் இந்தக் குறியீட்டைப் பார்த்தால் அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடாது, அந்தக் கோப்பையே ஓட்டாது. பட்டன் செத்துவிடும். அந்தப் பிள்ளைக்கு நடந்தது இதுதானா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஏனென்றால் யாரும் அதைப் பதிவு செய்யவில்லை. என் வழக்கே அதுதான்.

அதனால், பிள்ளைகளே, சில விஷயங்களை வற்புறுத்திச் சொல்கிறேன்.

முதலாவது, பிழையைப் பிடிக்கும் வழி பிரவுசரிலேயே இருக்கிறது. பிடிபடாத பிழைகளுக்கு 'விண்டோ ஆன்எரர்', கைவிடப்பட்ட பிராமிஸ்களுக்கு 'அன்ஹேண்டில்டு ரிஜெக்‌ஷன்' என்று இரண்டு காதுகள். ஒன்று கேட்பது மற்றதற்குக் கேட்காது, இரண்டும் வேண்டும். அந்தச் சின்ன நிரலைப் பெரிய கோப்புக்குள் வைக்காதீர்கள். பெரிய கோப்பு ஓடாவிட்டால் காவல்காரனும் உள்ளேயே மாட்டிக்கொள்வான். தனியாக, பழைய நடையில் எழுதி, எல்லாவற்றுக்கும் முன்னால் ஏற்றுங்கள்.

இரண்டாவது, காலி 'கேட்ச்' எழுதாதீர்கள். பிழையைப் பிடித்து ஒன்றும் செய்யாமல் விடுவது, ப்ராக்ரஸ் கார்டை அப்பாவிடம் காட்டாமல் தானே கையெழுத்துப் போட்டுக்கொள்வது போன்றது. உங்களில் இரண்டு பேருக்கு இது நன்றாகப் புரியும். பெயர் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, விடை மட்டும் போதாது, ஸ்டெப்ஸ் வேண்டும். எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டு எங்கே முறிந்தது என்று காட்டும் ஸ்டாக் ட்ரேஸ்தான் அந்த ஸ்டெப்ஸ். நிரலைச் சுருக்கி அனுப்பும்போது பெயர்களெல்லாம் ஒற்றை எழுத்தாகிவிடும். சோர்ஸ் மேப்பை உங்களிடம் பத்திரமாக வைத்திருந்தால்தான் அதைத் திரும்பப் படிக்க முடியும். வேறு டொமைனிலிருந்து வரும் ஸ்கிரிப்டில் பிழை என்றால், பாதுகாப்புக்காக பிரவுசர் விவரத்தை மறைத்து 'ஸ்கிரிப்ட் எரர்' என்று மட்டும் சொல்லும். டேக்கில் 'கிராஸ்ஆரிஜின்' சேர்த்து, அந்த சர்வரும் அனுமதி கொடுத்தால் முழு விவரம் கிடைக்கும் என்றான் என் மாணவன்.

நான்காவது, சேகரிப்பதிலும் ஒரு நாகரிகம் வேண்டும். பிழை அறிக்கையோடு பாஸ்வேர்டும் ஆதார் எண்ணும் சேர்ந்து போய்விடக் கூடாது. உங்களுக்குத் தேவை பிழைதானே தவிர அந்த அம்மாவின் வங்கிக் கணக்கு அல்ல.

ஐந்தாவது, அழுத்தியவருக்குப் பதில் சொல்லுங்கள். "பிழை எங்கள் பக்கம். உங்கள் விண்ணப்பம் இன்னும் வந்து சேரவில்லை. இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்" என்று தமிழில் மூன்று வரி போதும். தன் மேல் பழி போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போக மாட்டார்.

"இதற்கெல்லாம் நேரம் எங்கே சார், டெட்லைன்" என்பீர்கள். நியாயம்தான். ஒரே பிழை பத்தாயிரம் தடவை வந்து குவியும் என்பதும் உண்மை. அதற்கு ஒன்றுபோல் உள்ளவற்றைத் தொகுத்துக்கொள்ளலாமே தவிர, காதை மூடிக்கொள்ளக் கூடாது. புதுப் போன் வைத்திருப்பவர் சண்டை போட்டாவது வேலையை முடித்துக்கொள்வார். பழைய போன்காரர் சத்தமில்லாமல் எழுந்து போய்விடுவார். புகார் வந்தால் மட்டும் திருத்துவோம் என்று உட்கார்ந்தால், யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள்தான் விடுபடுவார்கள்.

நல்ல பதிவுக்கு ஒரு பழைய உதாரணம். 1947 செப்டம்பர் 9, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணினியில் ஒரு அந்துப்பூச்சி சிக்கியது. பிழைக்கு 'பக்' என்ற சொல் அதற்கு முன்பே உண்டு. கிரேஸ் ஹாப்பர் அம்மையார் இந்தக் கதையைப் பரப்பியவர், பூச்சியைக் கண்டுபிடித்தவர் அவர் அல்ல. எனக்குப் பிடித்தது அந்தப் பதிவேடுதான். நேரம் 3.45, ரிலே எண் 70, பேனல் எஃப் என்று எழுதி, பூச்சியையே டேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். எப்போது, எங்கே, என்ன, அதற்கு ஆதாரம். நான்கும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

இனி உறவுகளுக்கு. "ஒர்க் ஆகலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்? எதை அழுத்தினீர்கள், என்ன வந்தது, எத்தனை மணிக்கு, எந்தப் போன், எந்த பிரவுசர் என்று சொல்லுங்கள். ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஓடிபியும் கணக்கு எண்ணும் அதில் தெரிந்தால் மறைத்துவிட்டு அனுப்புங்கள். "உங்கள் நெட்டைப் பாருங்கள்" என்றால், "வேறு போனில் வேலை செய்கிறது, இதில் செய்யவில்லை" என்று மரியாதையாக, விடாமல் சொல்லுங்கள்.

சாஃப்ட்வேர் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். இந்த வாரம் உங்கள் அப்ளிகேஷனை வீட்டில் கிடக்கும் மிகப் பழைய போனில் ஒருமுறை திறந்து பாருங்கள். உங்கள் பதிவேட்டில் அது ஏறுகிறதா என்றும் பாருங்கள். என்ன கண்டீர்கள் என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்