மே மாதத்து ராஜ மீன்

சியாட்டிலில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மே மாதக் கடைசி. சனிக்கிழமை காலை பைக் பிளேஸ் சந்தைக்கு அழைத்துப் போனாள். ஐஸ் குவியலில் படுத்திருந்த மீன்களில் ஒன்றின் விலைச்சீட்டைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. ஒரு பவுண்டு, அதாவது அரை கிலோவுக்கும் குறைவு, 60 டாலருக்கு மேல்! வஞ்சிரம் விலை ஏறினாலே "இந்த வாரம் மத்தி போதும்" என்று திரும்பிவிடுகிற ஆள் நான்.

"அப்படி என்னடி இருக்கு இதுல?"

"காப்பர் ரிவர் கிங் சால்மன்மா. இன்னும் ரெண்டு மூணு வாரம்தான் கிடைக்கும்."

நமக்கு மாம்பழ சீசன் மாதிரி அவர்களுக்கு இது. அலாஸ்காவில் காப்பர் நதி கடலில் கலக்கும் இடத்தில் மே நடுவில் மீன்பிடிப்பு தொடங்கும். முதல் மீன்கள் விமானத்தில் சியாட்டில் வந்து இறங்கும்போது சிவப்புக் கம்பளம் விரிக்கிறார்கள். விமானி முதல் மீனைக் கையில் ஏந்தி இறங்கி வருவார். நம் ஊர் கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு வரவேற்பு இருக்குமா தெரியாது.

பசிபிக் சால்மன் வகைகளிலேயே பெரியது இதுதான். சினூக் என்றும் பெயர் உண்டு. 1949-ல் அலாஸ்காவின் பீட்டர்ஸ்பர்க் அருகே சிக்கிய ஒன்று 126 பவுண்டு, சுமார் 57 கிலோ. பத்தாம் வகுப்புப் பையன் எடை!

ருசிக்குக் காரணம் கொழுப்பு. இந்த மீன் ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய்ச் சில ஆண்டுகள் தின்று வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்புகிறது. ஆற்றுக்குள் நுழைந்ததும் சாப்பாட்டை நிறுத்திவிடும். பனிப்பாறை உருகி வரும் குளிர்ந்த தண்ணீரில், வேகமான நீரோட்டத்தை எதிர்த்து நீந்த வேண்டும். காப்பர் நதியின் நீளம் 450 கிலோமீட்டருக்கும் மேல். அந்தப் பயணத்துக்கு உடம்பிலேயே கட்டிக்கொண்டு வரும் கட்டுச்சோறுதான் அந்தக் கொழுப்பு. ஆறு எவ்வளவு நீளமோ, கட்டுச்சோறும் அவ்வளவு கனம். முட்டையிட்டதும் மீன் செத்துவிடும். மறுபயணம் கிடையாது. அதனால்தான் ஆற்றின் வாயிலேயே, கட்டுச்சோற்றை அவிழ்ப்பதற்கு முன்னால் பிடித்த மீனுக்கு அத்தனை மவுசு.

இத்தனைக்கும் 1980 வாக்கில் இந்த மீனை இப்படிக் கொண்டாட ஆளில்லை. டப்பாவில் அடைபட்டோ, உறைந்த மீனாக ஜப்பானுக்கோ போய்க்கொண்டிருந்தது. ஜான் ரவுலி என்ற சியாட்டில்காரர்தான் மீனவர்களிடம் பேசி, பிடித்த உடனே படகிலேயே ரத்தம் வடித்து ஐஸில் வைக்கச் சொன்னார். 1983-ல் அப்படி வந்த மீன்களை நகரத்தின் நல்ல உணவகங்களுக்குக் கொடுத்தார். அதோடு பிடித்துக்கொண்டது. புதுசாக மீன் வாங்கிப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. நல்ல மீனையும் கையாளத் தெரியாதவர் கெடுத்துவிடுவார் என்று எந்த மீன்காரம்மாவும் சொல்வார்.

பக்கத்திலேயே வெள்ளைச் சதையோடு ஒரு கிங் இருந்தது. கெட்டுப்போனதோ என்று நினைத்தேன். இறால் மாதிரி உயிர்களைத் தின்பதால்தான் சால்மன் சதைக்கு அந்தச் செம்மஞ்சள் நிறம் வருகிறது. நூற்றில் ஐந்து போல, அந்த நிறத்தைச் சதையில் சேர்த்துக்கொள்ள முடியாத மரபணுவோடு பிறக்கின்றன. முன்பு மலிவாகத் தள்ளிவிட்டதை இப்போது அபூர்வம் என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள்!

சென்னையில் 'சால்மன்' வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. 'இந்தியன் சால்மன்' என்று விற்பது நம் காலா மீன். அருமையான மீன்தான், ஆனால் சால்மனுக்கு உறவே இல்லை. இறக்குமதி சால்மன் பெரும்பாலும் நார்வே போன்ற நாடுகளின் பண்ணை மீன். அலாஸ்காவில் மீன் பண்ணைக்கே 1990-லிருந்து தடை. அங்கிருந்து வருவதெல்லாம் கடலில் வளர்ந்ததுதான்.

மகள் அரை பவுண்டுத் துண்டு ஒன்று வாங்கினாள். புளி கரைக்கப் போன என்னைத் தடுத்துவிட்டாள். உப்பு, மிளகு மட்டும். தோல் அடியில் இருக்கும்படி தோசைக்கல்லில் வைத்து, மிதமான தீயில், பெரும்பாலும் அந்தப் பக்கமே வேகவிட்டாள். எண்ணெய் ஒரு சொட்டுதான். மீனே நெய் விடுகிறது. விரலால் அழுத்தினால் இதழ் இதழாகப் பிரியும்போது இறக்கிவிட வேண்டும். வாயில் வைத்தால் வெண்ணெய். மொறுமொறுத் தோலுக்குப் பேத்தியும் நானும் சண்டை போட்டோம்.

சாப்பிட்டபடியே மாப்பிள்ளை சொன்ன கதைதான் மனதில் தங்கிவிட்டது. கொலம்பியா நதியில் 'ஜூன் ஹாக்' என்று ஒரு ராட்சத கிங் ஓடிக்கொண்டிருந்ததாம். சில 80 பவுண்டைத் தாண்டும். கிராண்ட் கூலி அணை கட்டினார்கள். மீன் ஏறிப்போக வழி வைக்கவில்லை. நீரில் மூழ்கப்போகும் கெட்டில் அருவிக் கரையில் 1940 ஜூனில் பழங்குடி மக்கள் கூடி, மூன்று நாள் துக்கம் அனுசரித்தார்கள். 'கண்ணீர்ச் சடங்கு' என்றே அதற்குப் பெயர். ஒரு மீனுக்காக!

இன்னும் கதை முடியவில்லை. யூகான் நதியில் கிங் வரத்து மிக மோசமாகச் சரிந்ததால், அலாஸ்காவும் கனடாவும் 2024-ல் பேசி, அதைப் பிடிப்பதை 7 ஆண்டுகள் நிறுத்தி வைத்திருக்கின்றன. மீனின் ஒரு தலைமுறைக் கணக்கு அது. குளிர்காலத்துக்கு அந்த மீனைப் புகைபோட்டு வைத்துக்கொண்டிருந்த ஆற்றங்கரைக் கிராமங்கள்தான் அந்த 7 ஆண்டையும் தாங்க வேண்டியிருக்கிறது. தெற்கே கிளாமத் நதியில் வேறு செய்தி. நான்கு அணைகளை இடித்துத் தள்ளினார்கள். வேலை முடிந்த 2024 அக்டோபரிலேயே, நூறு ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டிருந்த பகுதிக்குச் சினூக் ஏறிப்போய்விட்டது. யார் வழி சொன்னார்களோ!

எனக்கு நம் காவிரி நினைவுக்கு வந்தது. கடலிலிருந்து காவிரிக்குள் ஏறி வந்த உல்லம் மீன், வங்காளிகள் உயிராக நேசிக்கும் அதே ஹில்சா, 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு அருகிப்போனது. நாம் யாரும் அதற்காகக் கரையில் கூடியதாகத் தெரியவில்லை. காவிரிக்கரை வாசகர்களே, உங்கள் தாத்தா பாட்டி உல்லம் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் எழுதுங்கள். என்ன குழம்பு வைத்தார்கள் என்பதையும் சேர்த்து!