அரும்பாடங்களும் ஊர்ப்பயனும்

விழா மலருக்கு எழுதுவோர் பழம்பெருமை பேசுதல் வழக்கம். நாமும் அவ்வழியே சென்றிருப்போம். ஆயின், எமது வீட்டுத் திண்ணையிலே நிகழ்ந்த உரையாடலொன்று எம்மை வேறு திசைக்கு இழுக்கின்றது.

பழைய மாணவராகிய நண்பரொருவர் தம் மைந்தனை அழைத்து வந்திருந்தார். விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவாகிய அப்பிள்ளை, பேராதனையிலே புவிச்சரிதவியலைச் சிறப்புப் பாடமாகக் கற்க விரும்பினான். தந்தையாருக்கோ அப்பெயரே புதிது. "மாஸ்டர், கல்லைப் படிச்சு என்ன செய்யிறது? நாளைக்கு ஒரு சம்பந்தம் பேசப் போனால் பொடியன் என்ன படிச்சவன் எண்டு சொல்லுறது?" என வினாவினார். அவர் முகத்திலே சினம் இல்லை, அச்சமே இருந்தது.

அவ்வச்சத்தை நகைத்து ஒதுக்குதல் முறையன்று. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்ற பழமொழி வழங்கும் மண் இது. தோட்ட வருவாய் போதாத குடும்பங்களை முன்னாளிலே லிகிதர் உத்தியோகமும், பின்னாளிலே வைத்தியமும் பொறியியலுமே கரைசேர்த்தன. 1970களிலே தரப்படுத்தல் வந்து அவ்விரு பீடங்களின் வாயில்களும் ஒடுங்கியபோது, எம்மவர் வேறு வாயில்களை நோக்கினாரல்லர். ஒடுங்கிய வாயிலிலேயே முன்னிலும் அதிகமாக நெருக்கினர். அந்நெருக்கம் இன்றுந் தணியவில்லை.

கல்லைப் படித்தவர் ஒருவரை நம்மவர் அனைவரும் அறிவர். ஆயின் அவர் கல்லைப் படித்தவரென்பதை மறந்துவிட்டோம். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1900இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே புவிச்சரிதவியலும் தாவரவியலுங் கற்றுப் பட்டம் பெற்றவர். 1903இல் இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பகுதியின் பணிப்பாளரானார். தோரியனைற்று என்னுங் கனிப்பொருளை 1904இல் முதலில் விவரித்தவரும் அவரே. பாறைகளைத் தேடிக் கிராமந்தோறும் அலைந்த காலத்திலேதான் கம்மியரையுங் கைவினைஞரையும் அவர் அருகிருந்து கண்டார். அழிந்துகொண்டிருந்த அவர்தம் கலைகளைப் பற்றி 1908இல் பெருநூலொன்றை வெளியிட்டார். கலாயோகி என்று போற்றுகின்ற நாம், அவ்யோகத்துக்கு வழிகாட்டியது கற்சுத்தியல் என்பதைச் சொல்வதில்லை.

பெரியோர் வரலாறு நண்பருக்கு ஆறுதல் தரவில்லை. "அவர் சேர் முத்துக்குமாரசுவாமியின்ரை மகன்; நாங்கள் தோட்டக்காரர்" என்றார். நியாயமான மறுமொழியே. ஆதலால் அவர் தோட்டத்துக் கிணற்றையே எடுத்துக்கொண்டோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியிலே பெய்யும் மழை மண்ணூடு இறங்கிச் சுண்ணாம்புக்கற் படையின் வெடிப்புக்களிலும் குகைகளிலுந் தங்குகிறது. அந்நன்னீர், கீழே ஊடுருவி நிற்கும் கடல்நீரின்மேல் எண்ணெய்போல் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், அதன்கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் நிற்குமென்பது கணக்கு. மேலே ஓரடி குறையின், நாளடைவிலே கீழிருந்து உவர் 40 அடி எழும். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்திலே மனிதன் களைத்தபோது கிணறும் இளைப்பாறிற்று, நீர்ப்பம்பிக்குக் களைப்பில்லை. புத்தூர் நிலாவரையிலே மேல்நீர் நன்னீராகவும் ஆழநீர் உவராகவும் இருப்பது இவ்வுண்மையைக் கண்முன் காட்டுகின்றது. அதனை இராமபிரானின் அம்பு பிளந்த கேணியென்று பிள்ளைகளுக்குச் சொல்கின்றோம். சொல்வோம், உவர் ஏன் என்பதையுஞ் சேர்த்துச் சொல்லலாமே.

உவர் மாத்திரமன்று. அளவின்றி இடும் செயற்கை உரத்திலிருந்தும் மலகூடக் குழிகளிலிருந்தும் நைத்திரேற்று இந்நீரிலே சேர்கின்றது. 2014, 2015ஆம் ஆண்டுகளிலே சுன்னாகச் சூழலிற் கிணறுகளில் எண்ணெய் கலந்ததென்ற செய்தி பரவியபோது, மக்கள் கேட்ட வினாக்கள் எளியவை: இது எத்திசையிற் செல்லும்? எவ்வளவு விரைவிற் செல்லும்? எந்தக் கிணறு தப்பும்? வெடிப்புக்கள் நிறைந்த சுண்ணாம்புக்கல்லிலே இவற்றுக்கு விடை எளிதன்று. வைத்தியர் நோயைச் சொல்வர்; பொறியியலாளர் குழாயைப் போடுவர். நிலத்தின்கீழ் நீர் செல்லும் வழியைச் சொல்லக் கல்லைப் படித்தவனே வேண்டும். ஒரு வீதிக்கு மூன்று பொறியியலாளரைத் தந்த கிராமங்கள் நமக்குண்டு. நிலத்தடிநீர் வல்லுநர் ஒருவரைத் தந்த கிராமங்கள் எத்தனை?

வயிற்றுப்பாட்டையும் மறைத்துப் பேசுதல் தகாது. அரும்பாடம் கற்றவனுக்கு வாயிற்படியிலே வேலை காத்திராது. புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகமும் நீர்வளச் சபையும் உண்டு. புல்மோட்டையிலே கனிமணலும் எப்பாவலையிலே பொஸ்பேற்றும் அகழப்படுகின்றன. 2011இலே மன்னார்க் கடற்படுக்கையில் இயற்கை வாயு காணப்பட்டது. எனினும் பதவிகள் சிலவே. இடைக்காலத்திலே காத்திருத்தலும், வெளிநாட்டு மேற்படிப்பும், ஊரார் பரிகாசமும் நேரலாம். ஆகவே அப்பிள்ளையிடம், புள்ளிவிபரவியலையும் ஆங்கிலத்தையுங் கைவிடாதே என்றோம். தெரிந்தோர் சிலரேயான துறையிலே திறமையோடு நிற்பவனைத் தேவை தேடிவரும் என்பது எமது துணிபு; அது தேடிவரும் வரை அவன் உண்ணவும் வேண்டும். வேறு பாடம் கிட்டாமையால் அரும்பாடத்திலே வந்து விழுவோர்க்கு நாம் இவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டோம். விருப்பத்தோடு செல்பவனைப் பற்றியே பேசுகின்றோம்.

இனி எமது சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். மருத்துவ, பொறியியற் பீடங்களுக்குத் தெரிவாகும் மாணவர்க்கு ஆண்டுதோறும் மாலையிட்டுப் பரிசளிக்கின்றோம், அதனைக் குறைக்கவேண்டா. அம்மேடையிலே புவிச்சரிதவியல், தொல்லியல், மொழியியல் போன்ற துறைகளை விரும்பிக் கற்கச் செல்வோனுக்கும் ஓர் ஆசனம் இடுக. நிதிக்குழு இணங்கின், நான்காண்டுக்குச் சிறிய உதவிப்பணமொன்றையும் ஏற்படுத்துக. முதற் பங்கை நாமே தருகின்றோம்.

நண்பரின் மைந்தன் பேராதனைக்குச் சென்றுவிட்டான். முதல் விடுமுறையிலே வந்தவன், தந்தையார் கிணற்றிலே கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து கொப்பியிலே குறித்தானாம். தந்தையாரும் இப்பொழுது வெள்ளிக்கிழமை தோறும் அளந்து குறிக்கின்றார். சம்பந்தப் பேச்சை மட்டும் இன்னும் எடுக்கவில்லை.