நிஜத் தாயார் யார்?

சீன தேசத்தில் பிறந்து அமெரிக்காவில் வளரும் பெண் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குப் போகும் பெற்றோரை, முன்பின் அறியாதவர்கள் நிறுத்தி, “இவளுடைய நிஜத் தாயார் யார்?” என்றும், “இருவரும் சொந்த அக்காள் தங்கைதானா?” என்றும், “என்ன செலவு ஆயிற்று?” என்றும் கேட்பது அங்கே சகஜமாக இருந்து வந்திருக்கிறது. கேட்கிறவர்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்கிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் நிற்கும் ஐந்து வயதுப் பெண்ணுக்குக் காது இல்லையா என்றுதான் கேட்கிறோம்.

இக்குழந்தைகள் எப்படி அந்நிய நாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்? 1980 முதல் சீன சர்க்கார் ஒரு குடும்பத்துக்கு ஒரே குழந்தை என்று கட்டளையிட்டது. பிறகு பல கிராமப்புறங்களில், முதற் குழந்தை பெண்ணானால் மட்டும் இன்னொன்று பெறலாம் என்று தளர்த்தியது. வம்சம் விளங்கவும், மூதாதையருக்குச் சடங்கு செய்யவும், வயோதிகத்தில் சோறு போடவும் ஆண்பிள்ளை வேண்டும் என்பது அங்குள்ள பழைய எண்ணம். இது நமது வாசகர்களுக்கு விளங்காத சங்கதியல்ல. சட்டம் ஒரு பக்கமும் சடங்கு ஒரு பக்கமும் நெருக்க, நடுவில் நசுங்கியது பெண் குழந்தை. 1992 முதல் 1,60,000க்கு மேற்பட்ட குழந்தைகள் வெளிநாடுகளுக்குத் தத்துப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

“சீனாவில் யாருமே விரும்பாத குழந்தைகள்” என்பது ஒரு பேச்சு. அது பொய். 1991ம் வருஷத்துச் சட்டம், தத்தெடுப்பவர் 35 வயதானவராகவும் பிள்ளையில்லாதவராகவும் இருக்கவேண்டும் என்றது. எடுத்து வளர்க்க ஆசைப்பட்ட சீனக் குடும்பங்கள் பலவற்றைத் தடுத்தது அச்சட்டமே. ஹூனான் மாகாணத்து லோங்ஹுய் ஜில்லாவில் குடும்பக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பெற்றோரிடமிருந்தே குழந்தைகளைப் பறித்து அனாதை விடுதியில் சேர்த்த கொடுமை 2011ல் சீனப் பத்திரிகையிலேயே வெளியாயிற்று.

இப்படியிருக்க, வளர்க்கும் வீடுகளில் “சிவப்பு நூல்” என்று ஒரு கதை சொல்லப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத சிவப்பு நூலொன்று குழந்தையையும் வளர்ப்புப் பெற்றோரையும் ஆதியிலேயே கட்டி வைத்ததாம்! சீனாவில் இது மாப்பிள்ளை பெண் பொருத்தத்துக்குச் சொல்லி வந்த கதை. அதைத் தத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். ஆசையினால் சொல்லும் கதைதான். ஆனால் பெண் வளர்ந்து, “என்னை உங்களோடு கட்டியது விதி என்றால், என்னைப் பெற்றவளிடமிருந்து அறுத்ததும் விதிதானா?” என்று கேட்டால் என்ன பதில்? அறுத்தது விதியல்ல, மனிதர் செய்த சட்டமும் மனிதர் வளர்த்த வழக்கமும். விதியின் பேரில் பழியைப் போட்டால் குற்றவாளி தப்பித்துக்கொள்கிறான்.

ஆகவே வீட்டில் வேண்டியது கதையல்ல, உண்மை. பிறந்த நாள் பல பேருக்கு அனாதை விடுதியார் உத்தேசமாகக் குறித்தது. பெயரும் அவர்கள் இட்டது. இதை வயதுக்கேற்றபடி சொல்லிவிட வேண்டும். “உன்னைக் காப்பாற்றினோம், நன்றியோடிரு” என்று மட்டும் சொல்லக்கூடாது. பிள்ளை வேண்டுமென்று போனவர்கள் பெற்றோர்களே. குழந்தை மனுப் போடவில்லை. இன்று வளர்ந்த பெண்கள் மரபணுச் சோதனை செய்து பெற்றவர்களைத் தேடுகிறார்கள். அது நன்றி கெட்டதனமல்ல, மனித சுபாவம். 2024 செப்டம்பரில் சீன சர்க்கார், நெருங்கிய உறவினருக்குத் தவிர, வெளிநாட்டுத் தத்தை நிறுத்திவிட்டது. வாசலை மூடினார்கள். போன பெண்களின் கேள்வியை மூட முடியாது.

நிஜத் தாயார் யார் என்றால், ஜுரத்தில் இரவெல்லாம் விழித்திருந்தவளும் நிஜம், பத்து மாதம் சுமந்தவளும் நிஜம். இருவரில் ஒருவரைப் பொய்யாக்கச் சொல்லிக் குழந்தையைக் கேட்க எவருக்கும் யோக்கியதை கிடையாது. பொய்யானது ஒன்றுதான், அது பெண் பிள்ளை வம்சத்துக்கு உதவாது என்ற எண்ணம்.