ஏலக்காய் தெரிந்த கைக்கு எழுத்து எம்மாத்திரம்?

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று ஒரு பழமொழி உண்டு. பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே திருத்தி வளர்க்க வேண்டும் என்பதற்காகப் பெரியவர்கள் சொன்னது அது. ஆனால் நம் வீடுகளில் அதை எதற்குப் பயன்படுத்துகிறோம்? "எனக்கு வயதாகி விட்டது. இனிமேல் எழுத்தாவது, படிப்பாவது!" என்று தட்டிக் கழிப்பதற்குப் பயன்படுத்துகிறோம்.

ஐம்பதிலும் வளையும். அறுபதிலும் வளையும். இதற்குச் சாட்சி சொல்ல ஓர் ஊர் இருக்கிறது. அதுதான் போடிநாயக்கனூர்.

விடியுமுன் ஒரு பயணம்

தேனி மாவட்டத்தில் மலை அடிவாரத்தில் இருக்கிறது போடி. அங்கிருந்து மேலே ஏறினால் போடிமெட்டு. வழியில் 17 கொண்டை ஊசி வளைவுகள். போடிமெட்டைத் தாண்டினால் கேரளம். இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்கள் அங்கேதான் இருக்கின்றன.

அந்தத் தோட்டங்களில் வேலை செய்ய நம் பெண்கள் பொழுது விடியுமுன் கிளம்புகிறார்கள். கையில் தூக்குச்சட்டி. தலையில் கட்டிய துண்டு. ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து மலை ஏறுகிறார்கள். மேலே குளிர். மழை. காலில் ஏறும் அட்டை. மாலையில் திரும்பி வந்து அடுப்பு மூட்டுகிறார்கள். மறுநாள் மறுபடியும் ஜீப்.

கதைப் புத்தகத்தில் வந்தால் இதை வீரப் பயணம் என்போம். தினமும் நடப்பதால் கூலி வேலை என்கிறோம்.

கை படித்த பாடம்

ஏலக்காய் எப்படிக் காய்க்கிறது என்று பலருக்குத் தெரியாது. செடி ஆளை விட உயரமாக வளரும். ஆனால் காய் மேலே இருக்காது. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரத்தில் இருக்கும். குனிந்தோ உட்கார்ந்தோதான் பறிக்க வேண்டும்.

ஒரே சரத்தில் பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், முற்றிய காயும் இருக்கும். பிஞ்சைப் பறித்தால் காயும்போது சுருங்கி விடும். பழுக்கும் வரை விட்டால் வெடித்து விடும். முற்றியிருக்க வேண்டும், ஆனால் பழுத்திருக்கக் கூடாது. அந்தப் பக்குவத்தை ஒரு நொடியில் கண்டு பறிக்க வேண்டும். இப்படிப் பறித்த பச்சைக் காய் ஏறக்குறைய 5 கிலோ காய்ந்தால்தான் 1 கிலோ ஏலக்காய் கிடைக்கும்.

பிறகு போடியில் காயைச் சலிப்பார்கள். 8 மில்லிமீட்டர் பருமன் ஒரு ரகம், 7 மில்லிமீட்டர் ஒரு ரகம் என்று பிரிப்பார்கள். வெடித்தது, நிறம் மங்கியது, பூச்சி அரித்தது ஆகியவற்றைப் பெண்கள் கையால் பொறுக்கி எடுப்பார்கள்.

7 மில்லிமீட்டருக்கும் 8 மில்லிமீட்டருக்கும் வித்தியாசம் தெரிந்த கண்ணுக்கு, "ர"வுக்கும் "ந"வுக்கும் வித்தியாசம் தெரியாதா? மலையாளத்தைக் காதால் கேட்டே பேசக் கற்றுக் கொண்ட பெண்களுக்குத் தாய்மொழியின் எழுத்து வராதா? "என் மண்டையில் ஏறாது" என்று அவர்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வியாபாரி கற்றார்

போடி, ஏலத்தை ஏலம் போடும் ஊர். முன்பு வாயால் விலை கேட்பார்கள். ஒருவர் ஒரு விலை சொல்ல, அடுத்தவர் அதற்கு மேல் சொல்ல, மண்டபம் அதிரும். 2007-ல் கம்ப்யூட்டர் ஏலம் வந்தது. சத்தம் அடங்கியது. வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார்கள்.

அவர்கள் எல்லோரும் இளைஞர்களா? தலை நரைத்தவர்களும் அவர்களில் உண்டு. பழகாவிட்டால் வியாபாரம் போய்விடும். ஆகவே பழகினார்கள். ஐம்பதில் வளைந்தது.

அதே தொழிலில் காய் பறிக்கும் பெண் மட்டும் ஏன் இன்னும் கைநாட்டு வைக்கிறாள்? அவள் கற்காமல் இருப்பதால் தொழில் நின்று விடாது. நஷ்டம் அவளுக்கு மட்டும்தான். அதனால்தான் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டம் புற்றடியில் நடந்த ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அத்தனை விலை உள்ள சரக்கைப் பறித்துத் தரும் விரலை மை தடவி உருட்டுகிறோம். இது நியாயமா?

அடுத்தவர் கண்

படிக்கத் தெரியாதவர் அடுத்தவர் கண்ணால் படிக்கிறார். அடுத்தவர் வாயை நம்புகிறார். கூலி நோட்டில் 6 நாள் என்று எழுதியிருக்கிறதா, 5 நாள் என்று எழுதியிருக்கிறதா? பாங்கியில் பணம் ஏறியதா? செல்போனில் வந்த செய்தி நிஜமா, மோசடியா? எல்லாவற்றுக்கும் ஒருவரைத் தேடி ஓட வேண்டும்.

போடிக்கு மதுரையிலிருந்து வந்த மீட்டர் கேஜ் ரயில் 2010 டிசம்பர் 31-ந் தேதியோடு நின்றது. அகலப் பாதை போட்டு முடிக்க 12 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2023 ஜூன் 15-ந் தேதி போடிக்கும் சென்னை சென்ட்ரலுக்கும் நேர் ரயில் தொடங்கியது. சென்னையில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்கத் தாய் தனியாகவே போகலாம். ஆனால் எந்தப் பெட்டி, எந்த இடம் என்று டிக்கெட்டைப் பார்த்து அவளே தெரிந்துகொண்டால்தானே தைரியமாகப் போவாள்? ரயில் வந்து விட்டது. எழுத்தும் வர வேண்டும்.

புதுக்கோட்டையும் ஆலப்புழையும்

இது நடக்கக் கூடியதா என்று கேட்கலாம். நடந்திருக்கிறது.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஏழைப் பெண்கள் எழுத்துக் கற்றார்கள். கூடவே சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். கேலி செய்தவர்கள் உண்டு. பெண்கள் இறங்கவில்லை. தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் சைக்கிளில் ஏற்றிக் கொண்டு போனார்கள்.

கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்தவர் கார்த்தியாயினி அம்மா. பள்ளிக்கூடமே போகாதவர். 2018-ல், தமது 96-வது வயதில், எழுத்தறிவுப் பரீட்சை எழுதினார். 100-க்கு 98 மார்க் வாங்கினார்! 2020-ல் ஜனாதிபதி கையால் விருது பெற்றார். 2023-ல், 101-வது வயதில் காலமானார்.

96-ல் வளைந்ததே! நாற்பது வயதுக்காரி தயங்கலாமா?

முப்பது நாள் கணக்கு

தமிழில் 247 எழுத்து என்றதும் பயம் வரும். பயப்பட வேண்டாம். உயிர் 12, மெய் 18. ஆக 30. ஆய்தம் ஒன்று. மற்ற 216-ம் இந்த முப்பதின் பிள்ளைகள். கொம்பு, கால், சுழி சேர்த்தால் வந்து விடும். நாளைக்கு ஓர் எழுத்து என்றாலும் ஒரு மாதத்தில் அடித்தளம் போட்டு விடலாம்.

முதலில் சொந்தப் பெயரில் தொடங்குங்கள். மாரியம்மாள் என்ற பெயரை எழுதக் கற்றவருக்கு மா, ரி, ய, ம், ள் என்று ஐந்து எழுத்து வந்து விட்டது. அந்த ஐந்தை வைத்தே மாமா என்று எழுதலாம். மாரி என்று எழுதலாம். பிறகு ஊர்ப் பெயர். பிறகு பஸ் போர்டு. பிறகு கூலி நோட்டு. வயல் வரப்பில் நடப்பது போல ஒவ்வோர் அடியாக வைத்தால் போதும்.

15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தர, புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் 2027 வரை என்று வகுக்கப்பட்டது. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு உண்டா என்று விசாரியுங்கள். கேட்பதற்கு வெட்கம் வேண்டாம்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

"இருட்டில் போய் இருட்டில் வருகிறாள். அவளுக்கு நேரம் ஏது?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் வீட்டில் இருக்கிறது. இரவில் பாத்திரத்தைக் கணவர் கழுவட்டும். தண்ணீரை மகன் பிடித்து வைக்கட்டும். அவளுக்குக் கால் மணி நேரம் கிடைக்கும். அது போதும்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தாயார் "க"வைத் திருப்பி எழுதினால் சிரிக்காதீர்கள். நீங்கள் நடை பழகியபோது எத்தனை முறை விழுந்தீர்கள்! அவர் சிரித்திருப்பார். ஆனால் கையை விட்டாரா? பெற்றோர் கற்காமல் போவதற்கு வயதை விடப் பெரிய காரணம், வீட்டுக்குள் கேட்கும் கேலிதான்.

தோட்ட முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. கூலிக் கணக்கைத் தமிழில், பெரிய எழுத்தில், அச்சடித்துக் கொடுங்கள். அதுவே ஒரு பாடப் புத்தகம் ஆகும்.

இதை நீங்களே எழுத்துக் கூட்டிப் படிக்கிறீர்களா? மிகவும் சந்தோஷம். படித்து முடித்ததும் பத்திரிகையை மடித்து வைத்து விடாதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுங்கள். ஒரு சிலேட்டை எடுங்கள். அவர் பெயரை எழுதிக் காட்டுங்கள்.