மூன்று ஊர் வேண்டாம், இரண்டு போதும்

ஜப்பானுக்குக் குளிர்காலச் சுற்றுலா என்றதும் நிசேக்கோவில் பனிச்சறுக்கு, நொபோரிபெத்சுவில் வெந்நீர்க் குளியல், சப்போரோவில் ஊர்சுற்றல் என்று பலரும் ஹொக்கைடோ தீவுக்கே திட்டம் போடுகிறார்கள். ஒரு வார விடுமுறைக்கு இது சரிப்படாது. மூன்று விடுதிகள், இடையில் பனி மூடிய சாலைகள். பகலில் பாதி பேருந்திலேயே போய்விடும். டோக்கியோவையும் நாகானோ மாநிலத்தின் நொசாவா ஒன்சென் கிராமத்தையும் மட்டும் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். டோக்கியோவிலிருந்து ஈயாமாவுக்கு புல்லட் ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கிருந்து நொசாவாவுக்குச் சிறிது தூரம் பேருந்து. 1998 குளிர்கால ஒலிம்பிக்கில் பயத்லான் (பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த போட்டி) நடந்த ஊர் இது. சறுக்கி இறங்கினால் தெருவிலேயே 13 பொதுக் குளியல் கூடங்கள். கிராமத்தாரே பராமரிக்கிறார்கள், கட்டணம் இல்லை, விரும்பினால் உண்டியலில் காசு போடலாம். தண்ணீர் சாதாரணச் சூடல்ல. ஓகாமா என்ற வெந்நீர் ஊற்றில் ஊர்க்காரர்கள் கீரையே வேகவைக்கிறார்கள். (ஆடையின்றித்தான் குளிக்க வேண்டும், கூச்சப்படுவோர் தனிக் குளியலறை உள்ள விடுதியைத் தேடலாம்.)

ஹொக்கைடோ பனியின் மென்மை இங்கே வராது என்பார்கள். உண்மைதான். ஆனால் முதன்முறை பலகை கட்டி விழுந்து எழப்போகிறவருக்கு அந்த நயம் எங்கே தெரியப்போகிறது? பிப்ரவரித் தொடக்கத்தில் சப்போரோ பனித் திருவிழாவுக்கென்றே போகிறவர்கள் வேண்டுமானால் விதிவிலக்கு. மலையை முதலிலும் நகரத்தைக் கடைசியிலும் வையுங்கள். பனிப்புயலில் ஒரு நாள் சிக்கினாலும் விமானத்தைத் தவறவிட மாட்டீர்கள். டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை மட்டும் போகாதீர்கள்: டோக்கியோவில் பல அருங்காட்சியகங்கள் பூட்டியிருக்கும், மலையில் அறை கிடைப்பதும் கடினம்.